மெடிகேர் பிளானை மாற்றச் சொல்கிறார்கள், மாறலாமா?

கேள்வி: எனக்கு 71 வயது, மனைவிக்கு 68. நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். மூன்று வருடமாக இருவருக்கும் பிரீமியம் இல்லாத மெடிகேர் அட்வான்டேஜ் பிளான் (அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரைத் தனியார் கம்பெனி மூலம் தருவது). எனக்குச் சர்க்கரை உண்டு, போன வருடம் ஸ்டென்ட் வைத்தார்கள். குளிர்காலத்தில் நான்கு மாதம் கோயம்புத்தூர் போய்விடுவோம். பல் வைத்தியம், மளிகை வாங்க கார்டு எல்லாம் தரும் வேறு பிளானுக்கு மாறச் சொல்லி போன் மேல் போன் வருகிறது. மாறலாமா?

பதில்: முதலில் அந்த போனை வைத்துவிடுங்கள். நீங்கள் கேட்காமல் யாரோ கூப்பிட்டு பிளான் விற்பதற்கு மெடிகேர் விதிகளில் இடமில்லை. மெடிகேர் கார்டு எண்ணைச் சொல்லவே வேண்டாம்.

அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை பிளானை மாற்றலாம். ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும். அதற்கு முன் செய்ய வேண்டியது, உங்கள் பிளான் செப்டம்பர் கடைசிக்குள் அனுப்பியிருக்கும் ‘ஆனுவல் நோட்டீஸ் ஆஃப் சேஞ்ச்’ என்ற தபாலைப் பிரித்துப் படிப்பது. விளம்பரம் என்று நினைத்துப் பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். வருகிற வருடம் எது ஏறுகிறது, எது குறைகிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். இதய டாக்டர் நெட்வொர்க்கில், அதாவது பிளான் ஏற்கும் டாக்டர்கள் பட்டியலில், தொடர்கிறாரா என்று அவருடைய ஆபீஸிலேயே, பிளானின் முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்து மாத்திரை. மெடிகேர் இணையதளத்தில் உங்கள் மாத்திரைகளை மில்லிகிராம் அளவோடு போட்டு, வழக்கமான ஃபார்மஸியையும் தேர்ந்தெடுங்கள். பிரீமியமும் மருந்துச் செலவும் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு என்ற தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். 2026-இல் மருந்துக்கு உங்கள் கையிலிருந்து போகும் பணத்துக்கு 2,100 டாலர் உச்சவரம்பு உண்டு. ஆனால் பிளானின் மருந்துப் பட்டியலில் இல்லாத மாத்திரைக்குக் கொடுப்பது அந்தக் கணக்கில் சேராது. ஜார்டியன்ஸ் மாதிரி விலை கூடிய சர்க்கரை மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் இதைப் பார்க்காமல் மாறாதீர்கள்.

ஒரு அட்வான்டேஜ் பிளானிலிருந்து இன்னொன்றுக்குப் போவது சுலபம். நெட்வொர்க் தொல்லையே வேண்டாம் என்று, அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேருக்குத் திரும்ப நினைத்தால்தான் சிக்கல். அதில் டாக்டர் செலவில் 20 சதவீதம் உங்கள் தலையில் விழும், அதற்கு உச்சவரம்பும் கிடையாது. அதை ஈடுகட்டத்தான் மெடிகாப் என்ற தனியார் துணைக் காப்பீடு. மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பகுதியான பார்ட் பி தொடங்கிய முதல் ஆறு மாதத்தில் மெடிகாப் கம்பெனி யாரையும் மறுக்க முடியாது. அப்புறம் நியூ ஜெர்சி உட்படப் பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலையைக் கேட்பார்கள். சர்க்கரை, ஸ்டென்ட் என்று கேட்டதும் மறுக்கலாம். அதனால் மெடிகாப் ஒப்புதல் எழுத்தில் கையில் வரும்வரை இப்போதைய பிளானை விடாதீர்கள். உங்கள் பிளானே உங்கள் கவுண்டியை (மாவட்டத்தை) விட்டுப் போனால் நிலைமை வேறு. அப்போது உடல்நிலை பார்க்காமல் மெடிகாப் வாங்கும் உரிமை உண்டு.

கோயம்புத்தூர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரிஜினல் மெடிகேர் இந்தியாவில் பொதுவாகச் செல்லாது. மெடிகாப்பில் ஒரு வகையான பிளான் ஜி வைத்திருந்தாலும் பயணத்தின் முதல் 60 நாளில் வரும் அவசரச் சிகிச்சைக்கு மட்டும், 250 டாலர் போக 80 சதவீதம் தரும். வாழ்நாள் முழுவதற்கும் 50,000 டாலர்தான். நான்கு மாதத்துக்கு அது பாதி வழிதான். உங்கள் அட்வான்டேஜ் பிளானில் வெளிநாட்டு அவசரச் சிகிச்சை உண்டா, எவ்வளவு வரை என்று கேட்டு வையுங்கள். இல்லையென்றால் தனியாகப் பயணக் காப்பீடு எடுங்கள். ஸ்டென்டைச் சொல்லியே எடுங்கள். ஊரில் தங்குவதை ஆறு மாதத்துக்கு மேல் நீட்டினால் பிளானிலிருந்தே நீக்கிவிடலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

என் கணிப்பில், இதய டாக்டரும் மாத்திரைகளும் இதே பிளானில் தொடர்ந்தால் மாறத் தேவையில்லை. மளிகை கார்டுக்காக மாறவே மாறாதீர்கள். மனைவிக்குத் தனியாகக் கணக்குப் போடுங்கள். இருவரும் ஒரே பிளானில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. கமிஷன் வாங்காத ஒருவரிடம் கேட்க வேண்டுமென்றால் மாநிலத்தின் ‘ஷிப்’ என்ற மெடிகேர் ஆலோசனைத் திட்டத்தின் ஆலோசகர்கள் இலவசமாகவே உட்கார்ந்து பார்த்துத் தருவார்கள். நவம்பரிலேயே நேரம் வாங்கிவிடுங்கள், டிசம்பர் முதல் வாரத்தில் கூட்டம் தாங்காது.