கவிழ்த்து வைக்க வேண்டியது எது?

அன்புள்ள அண்ணன்,

கல்முனையில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து மேசையில் விண்கலப் போர் விளையாடுகிறோம். மொடல் வாங்க வசதியில்லை, மட்டையில் வெட்டி ஒட்டிய கலங்கள்தான். பெரும்பாலும் ‘ஃபுல் திரஸ்ட்’ விதிகள். போன கிழமை சண்டை வந்துவிட்டது. எதிர்ப்பக்கத்துக் கலத்தின் தாளைப் பார்க்கக் கேட்டேன். என்ன ஆயுதம், எவ்வளவு சேதம் என்று தெரிந்தால்தானே திட்டம் போடலாம்? “யுத்தத்தில ஆர் தன்ட கப்பலத் திறந்து காட்டுற?” என்று நண்பன் தாளை மடித்து வைத்துவிட்டான். அவன் சொல்வதிலும் நியாயம் இருப்பதுபோலத் தெரிகிறது. எதிரியைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

வாசகர், கல்முனை

அன்புத் தம்பி,

உங்கள் நண்பரின் கேள்வியை நான் மதிக்கிறேன். அதை நம்முடைய கடலை வைத்தே யோசித்துப் பார்ப்போம்.

1942 ஏப்ரல் 9 காலை பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் நின்றது. திருகோணமலை தாக்கப்படும் என்று அஞ்சி முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்தது. ஜப்பானிய வேவு விமானம் ஒன்று அதைக் கண்டுவிட்டது. கண்டதும் இரண்டு விசயம் எதிரிக்குத் தெரிந்துவிட்டது: கப்பல் எங்கே நிற்கிறது, அது என்ன கப்பல். மேலே பறந்தவனின் கண்ணுக்கு எட்டாத ஒன்றும் இருந்தது. அந்தக் கப்பலுக்குள் அன்று ஒரு விமானம்கூட இல்லை! ஜப்பானியர் அனுப்பியதோ 80க்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள். ஹெர்மிஸ் சில நிமிடங்களில் மூழ்கியது. முந்நூறுக்கும் அதிகமானோர் மாண்டார்கள். நாம் குளிக்கிற கடலுக்குள்தான் அந்தக் கப்பல் இன்றும் கிடக்கிறது. விளையாட்டுக்காக இதைப் பேசும்போதும் அந்த மனிதர்களை நினைக்காமல் என்னால் பேச முடியவில்லை.

ஆக, ‘எதிரியைப் பற்றித் தெரிவது’ என்பது ஒரே விசயமல்ல. எங்கே நிற்கிறான், என்ன கலம், உள்ளே என்ன இருக்கிறது, அடுத்து என்ன செய்யப்போகிறான் என்று நாலு இருக்கிறது. நீங்கள் இருவரும் நாலையும் ஒரே தாளில் போட்டு மடிப்பதா விரிப்பதா என்று சண்டை பிடித்திருக்கிறீர்கள்.

முதலாவதை விண்வெளியில் மறைப்பது மிகக் கடினம். கடலுக்கு இருளும் மூடுபனியும் அடிவானமும் உண்டு, அங்கே அவை இல்லை. மனிதர் வாழும் கலத்தின் உட்புறம் ஏறக்குறைய 300 கெல்வின் (சாதாரண அறைச் சூடு) வெப்பத்தில் இருக்க வேண்டும். பின்னால் இருக்கும் வானமோ 3 கெல்வினுக்கும் குறைவு. அந்த வெப்பத்தை எங்காவது வெளியே விட்டே ஆக வேண்டும், விட்டால் அகச்சிவப்புக் கருவிக்குத் தெரியும். எஞ்சினை மூட்டினால் சொல்லவே வேண்டாம். போலிக் கலம் விட்டு ஏமாற்றலாம் என்பார்கள். சும்மா மிதக்கும்வரை அது செல்லும். ஆனால் பெரிய கலம் வேகமெடுப்பதுபோல் போலியும் வேகமெடுக்க வேண்டுமென்றால் அதற்கும் அதே அளவு எரிப்பு வேண்டும். அதனால் முதல் ஓரிரு சுற்று, தூரத்தில் நிற்கும்போது மட்டும், கலங்களுக்குப் பதிலாக வெறும் வில்லைகளை வையுங்கள், சில போலி. எஞ்சினை முழுவேகத்தில் மூட்டியதும், சுட்டதும், உண்மையான கலத்தை மேசையில் வைத்துவிட வேண்டும்.

இரண்டாவதை மறைக்கவே கூடாது. கலத்தின் வகை, கவசம், வழக்கமான பீரங்கிகள் எல்லாம் திறந்தே இருக்கட்டும். நிஜக் கடற்படைகளின் நிலையும் பெருமளவு அதுதான். உலகப் போர்க்கப்பல்களின் கவசத்தையும் பீரங்கிகளையும் பட்டியலிட்ட புத்தகத்தை ஃபிரெட் ஜேன் 1898இலேயே அச்சிட்டார். அவரே ஒரு கடற்போர் மேசை விளையாட்டையும் உருவாக்கியவர்.

மறைக்க வேண்டியது மூன்றாவதும் நாலாவதும். 304 விளையாடும்போது 32 கடதாசியும் எவை என்று மேசையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். துரும்பு கவிழ்ந்து கிடப்பதால்தான் மூளை வேலை செய்கிறது. நல்ல விண்கல விளையாட்டுகளும் இப்படித்தான். 1979இல் வந்த ‘ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ்’ விளையாட்டில் கலத்தின் சக்தியை எதற்கு எவ்வளவு என்று ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் இரகசியமாக எழுதி வைப்பார்கள். 2012இல் வந்த ‘எக்ஸ்-விங்’ விளையாட்டில் கலத்தின் அட்டை எல்லோர் கண்ணுக்கும் திறந்திருக்கும், எப்படித் திரும்பப்போகிறது என்பது மட்டும் கவிழ்த்த வட்டத்தட்டில் இருக்கும். ‘அர்மாடா’வில் இன்னும் அழகு: சின்னக் கலத்துக்கு அந்தச் சுற்றின் கட்டளை போதும், பெரிய கலத்துக்கு மூன்று சுற்றுக்கான கட்டளைகளை முன்கூட்டியே கவிழ்த்து அடுக்க வேண்டும். பெரிய உடம்பு மெதுவாகத்தான் மனம் மாறும் என்பதை ஒரு விதியும் சொல்லாமலே அது உணர்த்திவிடுகிறது. நீங்கள் விளையாடும் ‘ஃபுல் திரஸ்ட்’டிலும் ஆளுக்காள் மறைத்து எழுதிய கட்டளைகளின்படி எல்லாக் கலங்களும் ஒரே நேரத்தில் நகர்கின்றன. மறைவு அங்கேயே போதுமான அளவு இருக்கிறது.

சேதத்தைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மறைக்காதீர்கள். உங்கள் நண்பரை நான் சந்தேகப்படவில்லை. மடித்த தாளில் சேதத்தைக் குறிக்கும் ஒரு பெட்டியை வெட்ட மறந்தால் கவனிக்க இன்னொரு கண் இருக்காது. கடைசியில் தோற்றவனுக்கு மனதில் ஒரு கேள்வி தங்கிவிடும், அது நட்புக்குக் கூடாது. எல்லாவற்றையும் மறைத்தே விளையாட ஆசை என்றால் ஒருவரை மத்தியஸ்தராக இருத்துங்கள். பிரஸ்ஸியாவில் 1824இல் இராணுவத்துக்காக ‘கிரீக்ஸ்பீல்’ என்ற போர் விளையாட்டு வந்தபோது இரு பக்கத்தையும் அறிந்தவர் மத்தியஸ்தர் மட்டுமே. நாலைந்து பேர் இருக்கிறீர்கள், ஆட்டத்துக்கு ஒருவராக முறை வைத்துக்கொள்ளலாம்.

மத்தியஸ்தர் கிடைக்காத நாளில் கலத்துக்குள் என்ன ஏற்றியிருக்கிறது என்பதைத் தொடங்கும் முன்னரே எழுதி, உறையில் ஒட்டி, மேசை நடுவில் வையுங்கள். தேவைப்படும்போது பிரிக்கலாம். பிரிக்காமல் மிஞ்சிய உறைகளையும் ஆட்டம் முடிந்ததும் எல்லோர் முன்னும் பிரித்துவிடுங்கள்.