முதலீடு வாங்கும்போதே பார்க்க வேண்டிய எக்சிட்

வணக்கம். எனக்கு 25 வயது. கல்லூரி நண்பனும் நானும் கோவையில் சிறு தொழிற்சாலைகளுக்கான ஸ்டாக் (சரக்கு இருப்பு) மென்பொருள் கம்பெனி நடத்துகிறோம். 20 சதவீதப் பங்குக்கு 5 கோடி போட முன்வந்திருக்கும் ஒரு ஃபண்டு, 'உங்கள் எக்சிட் பிளான் என்ன?' என்று கேட்கிறது. தொடங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. இப்போதே விற்பதைப் பற்றிப் பேசுவதா?
ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

எக்சிட் என்றால் ஃபண்டு தன் பங்கை விற்றுப் பணத்தோடு வெளியேறுவது. அவர்கள் கேட்பதில் தவறில்லை. ஃபண்டு பெரும்பாலும் எட்டு, பத்து ஆண்டுகளில் கணக்கை முடித்துப் பணம் போட்டவர்களுக்குத் திருப்பித் தரவேண்டும். உங்களுக்கு விற்கும் எண்ணமே இல்லாவிட்டாலும் அவர்கள் விற்றாக வேண்டும். வாங்கக்கூடியவர்கள் கணக்கு மென்பொருளும் ஈஆர்பியும் (கம்பெனியின் எல்லா வேலைகளையும் இணைக்கும் மென்பொருள்) விற்கும் பெரிய கம்பெனிகள் என்று சொன்னால் இப்போதைக்குப் போதும். உங்கள் கவனம் முதலீட்டு நிபந்தனைகளைச் சொல்லும் டேர்ம் ஷீட்டில் இருக்கட்டும். விற்கிற அன்று கைக்கு வரும் தொகையைப் பாதிக்குமேல் தீர்மானிப்பது அதுதான்.

முதலில் லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ், அதாவது விற்ற பணத்தில் ஃபண்டு முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை. உங்கள் இருவருக்கும் தலா 35, ஊழியர்களுக்கான பங்கு ஒதுக்கீடான ஈசாப் 10, ஃபண்டுக்கு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி 12 கோடிக்குப் போனால் உங்கள் பங்கு 4.2 கோடி என்றுதான் மனம் கணக்குப் போடும். 'ஒரு மடங்கு, நான்-பார்ட்டிசிபேட்டிங்' என்றிருந்தால் ஃபண்டு தன் 5 கோடியை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடும். மீதி 7 கோடியில் உங்களுக்கு 3.06 கோடி. 'பார்ட்டிசிபேட்டிங்' என்றிருந்தால் 5 கோடியை எடுத்த பிறகு மீதியிலும் 20 சதவீதம் கேட்கும், உங்களுக்கு 2.45 கோடி. ஒரு சொல்லுக்கு 61 லட்சம். வேல்யுவேஷனுக்காக (கம்பெனிக்குப் போடும் மதிப்பு) வாரக்கணக்கில் மல்லுக்கட்டிவிட்டு இந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள் இளைஞர்கள். பார்க்கப் பார்க்க மனம் பதைக்கிறது.

பங்குதாரர் ஒப்பந்தத்தில் 'இத்தனை ஆண்டுக்குள் கம்பெனியும் புரமோட்டர்களும் எக்சிட் தரவேண்டும்' என்று வரும். புரமோட்டர் என்றால் நீங்கள்தான். ஃபண்டின் பங்கைச் சொந்தப் பணத்தில் திரும்ப வாங்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழாதபடி அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லுங்கள். ஃபண்டு விற்கும்போது உங்களையும் சேர்ந்து விற்கவைக்கும் டிராக் அலாங் ஷரத்தில் குறைந்தபட்ச விலை இருக்கட்டும்.

நண்பனோடு நான்கு ஆண்டு வெஸ்டிங் (பங்கு கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாவது), முதலாண்டு கிளிஃப் (ஓராண்டுக்குள் போனால் பங்கு இல்லை) என்று இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். பாதியில் போனவர் 35 சதவீதத்தை வைத்திருந்தால் வாங்க வருபவர் தயங்குவார்.

வாங்குபவர் கம்பெனியை அலசிப் பார்க்கும் டியூ டிலிஜன்ஸில் அடிக்கடி மாட்டுவது மென்பொருள் கோடின் உரிமை. சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, கம்பெனிக்குச் சொந்தம். ஃப்ரீலான்ஸர் எழுதியது அப்படியல்ல. பணம் கொடுத்த ரசீது மட்டும் போதாது, எழுத்தில் மாற்றித் தரவேண்டும். அதிலும் ஒரு பொறி. பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். 'உலகம் முழுவதும், பதிப்புரிமை உள்ள காலம் முழுவதும்' என்ற வரி கட்டாயம் வேண்டும். கம்பெனி பதிவாகும் முன் நீங்கள் இருவரும் எழுதிய கோடுக்கும் இதே பத்திரம் போடுங்கள். அன்று எழுதியவர் பின்னால் வெளிநாட்டிலோ கோபத்திலோ இருக்கலாம். இன்றைக்குக் கேட்டால் கையெழுத்துப் போட்டுத் தருவார்.

விற்ற அன்றே முழுப்பணமும் வராது. 10 முதல் 15 சதவீதத்தை ஓராண்டு, ஒன்றரை ஆண்டு பிடித்துவைப்பது வழக்கம். எர்ன்-அவுட் (விற்ற பிறகு தொழில் எட்டும் இலக்கைப் பொறுத்து வரும் மீதித் தொகை) பேசினால் லாபத்தோடு கட்டாதீர்கள்; வாங்கியவர் தன் செலவுகளை உங்கள் பிரிவின்மேல் ஏற்றினால் லாபம் காணாமல் போகும். விற்றுமுதலோடு கட்டுங்கள். பட்டியலிடாத பங்கை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் வரி 12.5 சதவீதம், மேலே சர்சார்ஜும் செஸ்ஸும். அதற்குமுன் விற்றால் உங்கள் வருமான வரி ஸ்லாப்.

போட்டித் தொழில் செய்யக்கூடாது என்ற நான்-கம்பீட் ஷரத்து இந்தியாவில் செல்லாது என்று நண்பர்கள் சொல்வார்கள். வேலையை விட்டுப்போகும் ஊழியருக்கு அது சரி. தொழிலின் குட்வில்லை (நற்பெயரை) விற்பவருக்கு 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவிலேயே விதிவிலக்கு இருக்கிறது. நியாயமான அளவில் உங்களைக் கட்டும். 25 வயதில் விற்றால் அடுத்த கம்பெனி தொடங்கத்தான் போகிறீர்கள். 'தொழில்துறை மென்பொருள் அனைத்தும்' என்றிருந்தால் அடித்துவிட்டு 'ஸ்டாக் மென்பொருள், இரண்டு ஆண்டு' என்று எழுதவையுங்கள்.