சியரா நெவாடா: வெயில் தேசத்துப் பனிமலை

ஸ்பெயினின் தெற்குக் கோடியில் பனிச்சறுக்கா? நம்பிப் போகலாமா?

போகலாம். கிரனடா நகரிலிருந்து பேருந்தில் சுமார் ஒரு மணி நேரம். விடுதிகள் இருக்கும் பிரதோயானோவே 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கம்பிவடத்தில் தொங்கும் லிஃப்ட் 3,300 மீட்டர் வரை ஏற்றிவிடும். அந்த உயரத்தால்தான் பனி தங்குகிறது. நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் இறுதிவரை சீசன். ஆனாலும் வானம் சில வருடம் கைவிரித்துவிடும்: 1995இல் இங்கே நடக்கவிருந்த உலகப் பனிச்சறுக்குச் சாம்பியன்ஷிப், பனி இல்லாமல் 1996க்குத் தள்ளிப்போனது. என்னைக் கேட்டால் பிப்ரவரி, மார்ச்.

சறுக்குக்கட்டையைத் தொட்டதே இல்லை. எங்கே பழகுவது?

கம்பிவடத்தில் தொங்கிப்போகும் கூண்டான கொண்டோலாவில் ஏறி, மலைமேல் இருக்கும் போர்ரெகிலெஸ் போய்விடுங்கள். சாய்வு குறைந்த பச்சைத் தடங்கள் அங்கேதான். சாயங்காலம் நண்பர்கள் "சறுக்கியே கீழே போகலாம், வா" என்பார்கள். மசியாதீர்கள், கொண்டோலாவிலேயே இறங்குங்கள்.

ஏப்ரலில் போனோம். காலையில் கட்டை கண்டபடி வழுக்கியது, மதியம் ஒட்டிக்கொண்டது. வாடகைக் கட்டை மோசமா?

பாவம், கட்டையைத் திட்டாதீர்கள். பகலில் உருகிய பனி இரவில் இறுகி, காலை ஒன்பது மணிக்குக் கண்ணாடிபோல் கிடக்கும். பதினொரு மணி வாக்கில் மேல் ஓர் அங்குலம் இளகி, கல்லுப்பைப்போல் நெறுநெறுக்கும். அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்காகத்தான் நான் ஏப்ரலில் போவதே. இரண்டு மணிக்கு எல்லாம் கூழ். கூழில் கட்டை சட்டென்று நிற்கும், உடம்பு நிற்காது. முழங்கால் திருகிக்கொள்வது அப்போதுதான். அதற்குள் சாப்பிடப் போய்விடுங்கள். அப்புறம், சன்ஸ்கிரீனைத் தாடைக்கு அடியிலும் மூக்குக்குக் கீழேயும் பூசுங்கள். இங்கே வெயில் பனியில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும்.

2022 மார்ச்சில் அங்கே பனி பழுப்பாக இருந்ததே, அழுக்கா?

சஹாரா தூசி. காற்றில் வந்து படிந்தது. நிறம் கறுத்தால் பனி வெயிலை அதிகம் உறிஞ்சும், சீக்கிரம் உருகும்.

கோடையில் முலாசென் சிகரம் ஏற முடியுமா?

முடியும். 3,479 மீட்டர், ஐபீரியத் தீபகற்பத்திலேயே உயரமானது. கபிலெய்ரா கிராமத்திலிருந்து தேசியப் பூங்காவின் சிற்றுந்து 2,700 மீட்டர் வரை கொண்டுபோய் விடும். அதற்கு முன்பதிவு செய்துவிடுங்கள். மீதி மூன்று மணி நேர நடை. வழியில் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. உயரத்தால் தலைவலி வந்தால் சிகரத்தை மறந்துவிட்டு இறங்குங்கள்.

சின்னப் பிள்ளைகளோடு?

மொனச்சில் ஊர்ப் பக்கம் லோஸ் கஹோர்ரோஸ் பள்ளத்தாக்கு. தொங்குபாலங்கள் ஆடும், சில இடங்களில் பாறைக்கடியில் குனிந்து போகவேண்டும். பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் தலையை இடித்துக்கொள்வார்கள்.