அப்பா வீட்டுலேர்ந்து வந்தா பையன் ஏன் இப்படி ஆயிடறான்?

கும்பகோணத்துலேர்ந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. டைவர்ஸ் ஆகி மன்னார்குடிய விட்டு பொறந்த வீட்டுக்கே வந்துட்டாங்க, பையனுக்கு எட்டு வயசு, ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட போயிட்டு வந்தான்னா ராத்திரி வரைக்கும் ஒரே அடம், சாப்பாட்டத் தள்ளி விடறான், எப்பவோ நின்னுபோன படுக்கையில ஒண்ணுக்கு போறது மறுபடி ஆரம்பிச்சிருக்கு, அனுப்புறதையே நிறுத்திடலாமான்னு கேக்குறாங்க.

நிறுத்தாதீங்கம்மா. அங்க அடிக்கிறாங்க, மிரட்டுறாங்கன்னு சந்தேகம் இருந்தா அது வேற, உடனே குழந்தைங்க உதவி எண் 1098க்கு போன் போடுங்க. அப்படி எதுவும் இல்லேன்னா, அப்பாவ விட்டுட்டு வர்ற ஏக்கம் ஒரு பக்கம், அதச் சொன்னா அம்மா அழுவாங்களோன்னு பயம் இன்னொரு பக்கம், ரெண்டையும் சேத்து உங்ககிட்ட கொட்டுறான், ஏன்னா நீங்க எங்கயும் போயிட மாட்டீங்கன்னு நம்புறான்.

அதனால வாசல்ல கால் வெச்சதுமே "அப்பா என்ன சொன்னாரு, அங்க யாரு வந்திருந்தா"ன்னு விசாரிக்காதீங்க. குளிக்கட்டும், தயிர்சாதம் சாப்பிடட்டும், கொஞ்ச நேரம் சும்மா விடுங்க. ஸ்கூல் ஃபீஸ் விஷயமெல்லாம் அவன்கிட்ட சொல்லி அனுப்பாம நீங்களே வாட்ஸ்அப்ல பேசிக்கோங்க.

வீட்டுப் பெரியவங்க "அப்பன் புத்தி அப்படியே இருக்கு"ன்னு சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க, முதல்ல அத நிறுத்தணும், அப்பாவத் திட்டினா தன்னையே திட்டுறதாத்தான் புள்ளைக்குப் படும். இந்த வயசுல தன்னாலதான் அப்பா அம்மா பிரிஞ்சாங்கன்னு உள்ளுக்குள்ள நெனச்சுக்கிற புள்ளைங்க நிறைய. "நீ காரணம் இல்லடா, நாங்க மறுபடி ஒரே வீட்டுல இருக்கப் போறதில்ல, ஆனா உனக்கு ரெண்டு பேரும் எப்பவும் இருக்கோம்"னு நேராச் சொல்லுங்க. ஒரு தடவ சொன்னாப் பத்தாது, அவன் கேக்கறப்பல்லாம் சொல்லணும்.

எந்த நாள் எங்கன்னு காலண்டர்ல அவனையே கலர் அடிக்கச் சொல்லுங்க, முன்கூட்டியே தெரிஞ்சா பாதி பதட்டம் குறையும். ஆடிப்பெருக்குக்கு சப்பரம் யாரு செஞ்சு தருவான்னு கேட்டானாமே, அப்பாவே செஞ்சு தரட்டும், அத இங்க கொண்டுவந்து காவிரிப் படித்துறை வரைக்கும் இழுத்துட்டுப் போகட்டும், நீங்களும் கூடப் போங்க.

படுக்கை நனைஞ்சா திட்டாம துணிய மாத்தி விடுங்க. ஆனா எல்லாத்தையும் மனசு மேலயே போட்டுடக்கூடாது, மலச்சிக்கல், யூரின் இன்ஃபெக்‌ஷன், சுகர் இதுலயும் இப்படி வரும், அதனால இந்த வாரமே குழந்தை டாக்டர்கிட்ட காட்டிடுங்க. கிளாஸ் டீச்சர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க. சில வாரம் போயும் தூக்கம் சரியாகல, ஸ்கூலுக்கே போகமாட்டேங்கிறான்னா 14416க்கு பேசுங்க, அரசாங்கத்தோட மனநல உதவி எண், டெலிமானஸ்னு பேரு, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.