மாணவர்களைத் தொழில் தொடங்க வைப்பதில் கல்லூரிகளால் உண்மையிலேயே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். ஆனால் மேடை போட்டு "வேலை தேடாதே, வேலை கொடு" என்று பேசுவதால் இல்லை. கடலூரில் படித்தபோது அப்படி நாலு கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தயிர்சாதம் நன்றாக இருந்தது.

எனக்குப் பண்ருட்டிப் பக்கம். சுளை விற்கும் ஆயாக்கள் பலாக்கொட்டையைச் சாக்கில் கட்டி ஓரமாகப் போட்டிருப்பார்கள். அதை வாங்கி, தோலுரித்து, காயவைத்து, மாவாக்கி விற்கலாம் என்று இரண்டாம் வருடத்தில் நானும் நண்பனும் இறங்கினோம். முதல் நாற்பது பாக்கெட்டும் மூன்றே வாரத்தில் பூசணம் பிடித்துத் திரும்பி வந்தன.

வேதியியல் சாரிடம் புலம்பினேன். "ஏம்பா, ஈரம் எவ்வளவுன்னு பாத்தியா?" என்றார். மொட்டைமாடியில் மொறுமொறுவென்று காய்ந்ததே, அப்புறம் என்ன ஈரம்? ஆய்வகத்தைத் திறந்து, பத்து கிராம் மாவை எடை போட்டு, 105 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்து, மறுபடி எடை போடச் சொன்னார். குறைந்த எடைதான் ஈரம். நூற்றுக்குப் பதினாறு! அதைப் பத்துக்குக் கீழே இறக்கிய பிறகு மாவு கெடவில்லை. கல்லூரி எனக்குத் தந்த தொழில் பயிற்சி அந்த ஒரு மதியம்தான்.

அதே கல்லூரிதான் வருகைப்பதிவு குறைவு என்று தேர்வு நேரத்தில் அலையவிட்டது. பலா சீசனும் செமஸ்டர் தேர்வும் ஒன்றாகத்தான் வரும். பழம் நமக்காகக் காத்திருக்குமா? இத்தனைக்கும் மத்திய அரசின் 2019 தேசியப் புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கையில் தொழில் நடத்தும் மாணவருக்கு வருகையில் தளர்வு, ஒரு செமஸ்டரோ வருடமோ இடைவெளி, கல்லூரி முகவரியிலேயே கம்பெனிப் பதிவு எல்லாம் தரலாம் என்று இருக்கிறது. எனக்கு இது படித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. நீங்கள் இப்போதே அதைச் சுட்டிக்காட்டி எழுத்தில் கேளுங்கள்.

புதுச்சேரியில் இருந்தால், தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் புதுத் தொழில்களுக்குக் கைகொடுக்கும் அடல் இன்குபேஷன் மையம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் என்றால், மாவட்டத் தொழில் மையத்தில் புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான மாநில அரசின் நீட்ஸ் (NEEDS) திட்டத்தை விசாரியுங்கள். பட்டமோ டிப்ளமோவோ ஐடிஐயோ முடித்தவர்களுக்கு 25 சதவீத மானியம். ஆனால் அது 10 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டங்களுக்கு. நாங்கள் 18,000 ரூபாயில் தொடங்கியவர்கள். அதில் ஆறாயிரம் என் அத்தையிடம் வாங்கியது, இன்னும் முழுசாகத் திருப்பிக் கொடுத்தபாடில்லை.