வாசகர் கேள்வி–பதில்: ஷார்ட் ஸ்கேல் பேஸ் வாங்கப் போகிறீர்களா?

சென்ற இதழில் 30 அங்குல பேஸ் கிட்டார்களைப் பற்றி நான்கு வரிதான் எழுதினோம். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன.

ஷார்ட் ஸ்கேல் என்றால் கிட்டாரின் மொத்த நீளம் குறைவு என்று அர்த்தமா? கடைக்காரர் ஒன்று சொல்கிறார், பெட்டியில் ஒன்று போட்டிருக்கிறது.
– கோவை வாசகர்

மொத்த நீளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நட்டுக்கும் (கழுத்தின் தலைமாட்டில் கம்பி உட்காரும் துண்டு) பிரிட்ஜ் சேடிலுக்கும் (உடலின் பக்கம் கம்பியைத் தாங்கும் துண்டு) நடுவே அதிர்கிற கம்பியின் நீளம்தான் ஸ்கேல். 1951இல் ஃபென்டர் ப்ரிசிஷன் பேஸ் 34 அங்குலத்தில் வந்தது. இன்றைக்கும் அதுவே லாங் ஸ்கேல். 32 மீடியம். 30, 30.5 என்று வருபவை ஷார்ட். கடையில் நீங்களே அளந்துவிடலாம்: நட்டின் விளிம்பிலிருந்து 12ஆம் ஃப்ரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) முகடு வரை டேப் பிடியுங்கள், வந்ததை இரட்டியுங்கள். சேடில் வரை நேராக அளக்காதீர்கள். சுருதிக்காகப் பின்னால் தள்ளி வைத்திருக்கும் சில மில்லிமீட்டர்களும் அதில் சேர்ந்துவிடும்.

விரல் எட்டாதவர்களுக்குத்தான் இது என்கிறார்களே. என் மகளுக்கு 11 வயது. வாங்கலாமா?
– மதுரை வாசகி

தாராளமாக. முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது ஃப்ரெட் வரை விரல் விரிக்க வேண்டிய தூரம் 34 அங்குலத்தில் 130 மி.மீ.; 30 அங்குலத்தில் 114. ஒன்றரை சென்டிமீட்டர் என்பது காகிதத்தில் சின்னது, சுண்டுவிரலுக்குப் பெரியது. சிறு பிள்ளைகளுக்கு இபானெஸ் மைக்ரோ மாதிரி 28.6 அங்குலத்திலும் கிடைக்கிறது. அங்கே அதே தூரம் 109 மி.மீ.தான்.

ஆனால் "விரல் எட்டாதவர்களுக்கு" என்ற பேச்சை நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. க்ரீம் ராக் குழுவில் கிப்சன் இபி-3 என்ற ஷார்ட் ஸ்கேல் வாசித்த ஜாக் புரூஸ் அதற்கு முன் டபுள் பேஸ் (நிற்க வைத்து வாசிக்கும் பெரிய பேஸ்) வாசித்தவர். அதில் கம்பி நீளம் 41 அங்குலத்துக்கு மேல். ஜாஸ் கலைஞர் ஸ்டான்லி கிளார்க்கும் டபுள் பேஸ் கைதான்; அவர் மின்சார பேஸில் எடுப்பது 30.75 அங்குல அலெம்பிக். எட்டவில்லை என்பதற்காக இவர்கள் குட்டைக் கம்பிக்கு வரவில்லை.

அப்படியானால் எதற்காக? சுருதி ஒன்றுதானே, நீளம் மட்டும்தானே வேறு?
– யாழ்ப்பாணம் வாசகர்

சுருதி ஒன்றுதான். இரண்டிலும் இ கம்பி (நான்கில் மிகத் தடித்தது) 41.2 ஹெர்ட்ஸ். மாறுவது இழுவிசை. ஒரே கம்பியை ஒரே சுருதியில் வைத்தால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 30ஐ 34ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.78. அதாவது 34 அங்குலத்தில் 16 கிலோ இழுக்கும் கம்பி, 30 அங்குலத்தில் பன்னிரண்டரை கிலோதான் இழுக்கும். ரகசியம் முழுக்க இந்த மூன்றரை கிலோவில் இருக்கிறது.

கம்பி இளகி நிற்பதால் பக்கவாட்டில் இழுத்து ஸ்வரத்தை வளைக்கலாம், விரலால் அசைத்துக் கமகம் போல் ஆட்டலாம். 34 அங்குல பேஸில் இதைச் செய்ய விரலில் காய் காய்க்கும். நாதமும் வேறு. மேல் ஹார்மோனிக்குகள் (அடிநாதத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர் நாதங்கள்) சீக்கிரம் அடங்கிவிட, அடிநாதம் உருண்டையாக, கொஞ்சம் பஞ்சு வைத்தது போல் முன்னால் வந்து நிற்கும். பழைய பதிவுகளில் "தும்" என்று பூத்து உடனே அடங்கும் பேஸ் ஒலி கேட்டிருப்பீர்களே, அதில் பாதி ஷார்ட் ஸ்கேல், மீதி ஃப்ளாட்வவுண்டு கம்பி (தட்டைப் பட்டை சுற்றியது).

இழப்பும் உண்டு. பியானோ போல் கணீரென்ற இ கம்பி வேண்டும் என்றாலோ, அதன் சுருதியை டி வரை இறக்கி வாசிக்க வேண்டும் என்றாலோ 34க்கே போங்கள்.

என் ஃபென்டர் மஸ்டாங் ஷார்ட் ஸ்கேல் பேஸில் இ கம்பி தொளதொளவென்று இருக்கிறது. தடிமனான செட் போட்டால் சரியாகுமா?
– திருச்சி வாசகர்

ஓரளவுக்கு மட்டும். 34 அங்குலத்தின் பழைய விறைப்பு அப்படியே வேண்டுமென்றால் கம்பியின் குறுக்களவை 34/30 மடங்கு கூட்ட வேண்டும். 100 கேஜ் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தடிமன்) இருந்த இடத்தில் 113. அவ்வளவு தடித்த கம்பி குட்டை நீளத்தில் கம்பியாக நடந்துகொள்ளாது, கடப்பாரையாக நடந்துகொள்ளும். அதன் மேல் ஹார்மோனிக்குகள் சுருதியை விட்டு மேலே விலகும், சுருதி காட்டும் ட்யூனர் கருவியின் முள் நிலைகொள்ளாமல் ஆடும், பிரிட்ஜில் சேடிலைப் பின்தள்ள இடம் போதாது. 105க்கு மேல் போகாதீர்கள். அல்லது 100 கேஜிலேயே ஃப்ளாட்வவுண்டுக்கு மாறிப் பாருங்கள். அதே தடிமனில் ஃப்ளாட்வவுண்டு பெரும்பாலும் கூடுதல் விறைப்பாக இருக்கும்.

மஸ்டாங் என்பதால் இன்னொன்று. 1966இல் வந்த அந்த மாடலில் கம்பி, உடலின் பின்பக்கத்தில் நுழைந்து மரத்தைத் துளைத்து மேலே வருகிறது. சாதாரண ஷார்ட் ஸ்கேல் செட்டை மாட்டினால், பட்டு நூல் சுற்றிய மெலிந்த பகுதி நட்டின் மேலேயே வந்து உட்கார்ந்துவிடலாம். அப்படி உட்கார்ந்தால் அந்தக் கம்பி செத்த ஒலிதான் தரும், நட் பள்ளத்திலும் சரியாகப் பதியாது. வாங்குவதற்கு முன் பழைய கம்பியைக் கழற்றாமல், பின்பக்கக் குண்டு உட்காரும் இடத்திலிருந்து நட் வரை ஒரு நூலை ஓட்டி அளந்துகொள்ளுங்கள். புதுக் கம்பியில் குண்டிலிருந்து பட்டு நூல் தொடங்கும் இடம் வரையுள்ள நீளம் இதைவிட ஓர் அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும். மஸ்டாங்குக்கென்றே லா பெல்லா தனி செட் போடுகிறது.

34 அங்குல செட்டையே வெட்டிப் போட்டுக்கொள்ளக் கூடாதா? அதுதான் ஊரில் கிடைக்கிறது.
– அதே வாசகர்

ரவுண்டுவவுண்டு (உருண்டைக் கம்பி சுற்றியது) என்றால் வேறு வழியில்லாதபோது போடலாம், ஒழுங்காகச் செய்தால். தடித்த பகுதியே ட்யூனர் தூணில் (தலையில் கம்பியை முறுக்கும் ஆணி) சுற்ற வேண்டி வரும், அதுதான் தொல்லை. கம்பியைத் தூண் வரை இழுத்து, அதற்கப்பால் நான்கு அங்குலம் விட்டு, அந்த இடத்தில் இடுக்கியால் செங்குத்தாக மடியுங்கள். மடித்த பிறகு, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் மேல்சுற்று உள்கம்பியின் மேல் வழுகி அவிழும். கம்பி வெளியே பார்க்க நன்றாக இருக்கும், ஒலி மட்டும் போய்விடும். ஃப்ளாட்வவுண்டில் இந்த வேலையே வேண்டாம். தடித்த பட்டைச் சுற்று தூணின் வளைவில் விரிசல் விட்டு, சில நாளில் அங்கேயே அறும்.

ஃப்ரெட்டில் பட்டு இரைகிறது. சர்வீஸுக்குக் கொடுக்காமல் நாமே செட்டப் செய்யலாமா?
– சென்னை வாசகர்

செய்யலாம். இளகிய கம்பி அகலமாக வீசி அதிரும், ஆகவே 34 அங்குல பேஸின் அளவுகளை இதில் வைத்தால் இரையத்தான் செய்யும். வரிசை மாறக் கூடாது: புதுக் கம்பி, சுருதி, கழுத்து வளைவு, உயரம், கடைசியில் இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சேர வைப்பது).

இ கம்பியை முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பியை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, கடைசி ஃப்ரெட்டில் அழுத்துங்கள். 7ஆம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே 0.35 மி.மீ. இடைவெளி வேண்டும். மெக்கானிக் கடையில் கிடைக்கும் ஃபீலர் கேஜ் போதும். குறைவாக இருந்தால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும், வளைவைத் திருத்தும் தண்டு) கால் சுற்று தளர்த்துங்கள், அதிகமாக இருந்தால் கால் சுற்று இறுக்குங்கள். சற்று நேரம் விட்டு மறுபடி சுருதி சேர்த்து அளவு பாருங்கள். ஒரேயடியாக ஒரு சுற்று முறுக்குபவர்கள் கழுத்துக்கு வேறு கடை தேட வேண்டி வரும். 1960களின் மஸ்டாங்கில் ராடின் தலை கழுத்தின் அடியில் ஒளிந்திருக்கிறது. கழுத்துத் திருகுகளைத் தளர்த்தித்தான் தொட முடியும்.

அடுத்து 17ஆம் ஃப்ரெட்டின் மேல் கம்பியின் அடி உயரம்: இ கம்பிக்கு 2.8, ஜி கம்பிக்கு 2.4 மி.மீ. வைத்துத் தொடங்குங்கள்.

பிறகு 12ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி), அழுத்திய ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது 5 சென்ட் (சென்ட் என்பது ஒரு ஃப்ரெட் சுருதி வித்தியாசத்தில் நூறில் ஒரு பங்கு) கூடுதலாகக் காட்டினால் சேடில் ஏறக்குறைய 2 மி.மீ. பின்னால் போக வேண்டும். இதில் பலரும் ஏமாறுவது விரல் அழுத்தத்தில். கம்பி இளகியது, ஆகவே கொஞ்சம் இறுக்கி அமுக்கினாலே ஸ்வரம் ஏறிவிடும். வாசிக்கும்போது எவ்வளவு அழுத்துவீர்களோ அவ்வளவே அழுத்திப் பாருங்கள்.

ஹோஃப்னர் வயலின் பேஸ் வாங்கினேன். கம்பி மாற்றியதும் சுருதி எங்குமே சேரவில்லை!
– கோலாலம்பூர் வாசகர்

நான்கு கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றியிருப்பீர்கள். அந்த பிரிட்ஜ் திருகி வைத்ததல்ல. கம்பியின் அழுத்தத்தில் சும்மா நிற்கிறது. கழற்றியவுடன் நகர்ந்திருக்கும். இ, ஜி கம்பிகளை வைத்து 12ஆம் ஃப்ரெட் சோதனை செய்து, பிரிட்ஜின் இரு கால்களையும் தனித்தனியாக நகர்த்திச் சரிசெய்யுங்கள். நடுவில் உள்ள இரண்டு கம்பிகளுக்கு பிரிட்ஜின் தலையில் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கும். அவற்றில் செருகியிருக்கும் குட்டி ஃப்ரெட் துண்டை ஒரு பள்ளம் முன்னோ பின்னோ மாற்றலாம். முடிந்ததும் கால்களின் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். இனி கம்பியை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். உள்ளே வெற்றுக்கூடான பெட்டி, ஆகவே தடித்த செட் வேண்டவே வேண்டாம்.

பால் மெக்கார்ட்னியின் தொலைந்த பேஸ் இதுதானா?
– சேலம் வாசகி

இதே 500/1 மாடல்தான். 1961இல் ஹாம்பர்க்கில் ஏறக்குறைய 30 பவுண்டுக்கு வாங்கியது; 1972இல் லண்டனில் திருடுபோனது; கிடைத்துவிட்ட செய்தி 2024 பிப்ரவரியில் வந்தது. இரண்டு பிக்கப்பும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தப் பகுதி) கழுத்துப் பக்கம் நெருங்கி இருந்தால் அந்த 1961 வடிவம். தள்ளித் தள்ளி இருந்தால் 1963இல் அவர் எடுத்த இரண்டாவது பேஸின் வடிவம். இரு பக்கமும் ஒரே உருவமாக இருந்ததால் இடது கைக்குத் திருப்பிப் பிடித்தாலும் விகாரமாகத் தெரியவில்லை, அதனால்தான் வாங்கினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மஸ்டாங்கும் ஹோஃப்னரும் எல்லாரும் வைத்திருக்கிறார்கள். அரிதான ஷார்ட் ஸ்கேல்களில் எதைத் தேடலாம்?
– டொராண்டோ வாசகர்

பணம் இருந்தால் கில்டு ஸ்டார்ஃபயர். அரைக்கூடு உடல். ஸ்வீடனின் ஹாக்ஸ்ட்ரோம் செய்த பைசோனிக் பிக்கப் இருக்கும் 1960களின் பிற்பகுதிப் பிரதிகளுக்குத்தான் அடிதடி. கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஃபில் லெஷும் ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் குழுவின் ஜாக் கசாடியும் வாசித்தவை அவை. அடிநாதம் கெடாமல் மேலே தெளிவும் வரும். இந்தக் கூட்டத்தில் அது அபூர்வம்.

டேன்எலக்ட்ரோ லாங்ஹார்ன் வேறு ஜாதி. மரச்சட்டத்தின் மேல் மேசனைட் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை, லிப்ஸ்டிக் குழாய்க்குள் அடைத்த பிக்கப். எடையே இருக்காது, ஒலியோ கம்பீரம். ஆனால் பழையவற்றில் பிரிட்ஜ் ஒரே மரத்துண்டு. கம்பிக்குக் கம்பி சுருதி திருத்த வழியில்லை. 1965இல் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில் 'மை ஜெனரேஷன்' பாட்டின் பேஸ் சோலோவுக்காக இதை வாங்கி, கம்பி அறுந்ததும் இங்கிலாந்தில் மாற்றுக் கம்பி கிடைக்காமல் அடுத்தடுத்து கிட்டாரையே வாங்கினார். கடைசியில் பதிவானது ஃபென்டர் ஜாஸ் பேஸில். அரிய கிட்டார் தேடுபவர்கள் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும்: இதற்குக் கம்பி எங்கே கிடைக்கும்?

ஆம்பெக்குக்காக டான் ஆர்ம்ஸ்ட்ராங் வடிவமைத்த கண்ணாடி போன்ற பிளெக்சிகிளாஸ் பேஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பில் வைமன் 1969 சுற்றுப்பயணத்தில் வாசித்தது, பார்க்க அழகு. தோளுக்கு இரண்டு மணி நேரத்தில் தெரியும்.

கிப்சன் இபி-0 ஓரளவு எளிதாகக் கிடைக்கும். அதன் கழுத்தோர பிக்கப்புக்கு வாசிப்பவர்கள் வைத்த பெயர் மட்பக்கர்: ஹம்பக்கர் என்ற பிக்கப் வகையின் பெயரில் 'மட்', அதாவது சேறு, சேர்த்தது. பெயர் பொருத்தம்தான். பிக்கப்பைக் கம்பியிலிருந்து நன்றாக இறக்கி, ஆம்ப்ளிஃபையரில் 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை குறைத்தால் சேறு தெளியும். பேஸ் குமிழைக் கூட்டினால் இன்னும் கலங்கும்.

விலை குறைவில் நாங்கள் கைகாட்டுவது 1970களின் ஃபென்டர் மியூசிக்மாஸ்டர் பேஸ். அதன் பிக்கப் மூடியைக் கழற்றினால் சிரிப்பு வரும்: நான்கு கம்பிக்கு ஆறு காந்தங்கள். மிச்சமிருந்த கிட்டார் பிக்கப்பையே மூடி போட்டு வைத்துவிட்டார்கள். கம்பிகள் காந்தங்களுக்கு நேராக வராது. இன்றைய ஸ்குவையர் பிராங்கோவிலும் இதே கதைதான், அதற்கு நேரடியாகப் பொருந்தும் நான்கு காந்த பிக்கப் தனியே விற்கிறது.

பழைய ஃபென்டர் உண்மையிலேயே 1966 என்று எப்படி நம்புவது?
– பெங்களூரு வாசகர்

பிளேட்டைக் கழற்றி வால்யூம் பாட்டின் (ஒலியளவுக் குமிழுக்கு அடியில் இருக்கும் பாகம்) முதுகைப் பாருங்கள். 1376632 என்று இருந்தால்: 137 என்பது சிடிஎஸ் நிறுவனம், 66 ஆண்டு, 32 வாரம். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல். இது பாட் செய்த நாள், கிட்டார் செய்த நாள் அல்ல. கிட்டார் அதற்குப் பிந்தியது என்று மட்டும் நிச்சயமாகும். பாட்டின் மேல் உள்ள பழைய ஈயம் மங்கலாக, ஒரே முறை தொட்டதாக இருக்க வேண்டும். பளபளவென்று இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் விரல்பலகை மரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். 1960களின் நடுப்பகுதி வரை பல அமெரிக்கக் கிட்டார்களில் பிரேசில் ஈட்டி மரம் இருந்தது. அந்த மரம் 1992 முதல் சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) முதல் பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதித் தாள் இல்லாமல் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும்.

இபி-3 தோளில் மாட்டினால் கழுத்து தரையைப் பார்க்கிறது.
– நாகர்கோவில் வாசகர்

உடல் இலேசு, தலையில் இரும்பு ட்யூனர். முதலில் மூன்று அங்குல அகலமுள்ள, உட்புறம் சொரசொரப்பான தோல் பட்டை வாங்குங்கள், பாதி சரியாகும். பிறகு இலகு ட்யூனர்களுக்கு மாறுங்கள், பழைய துளையிலேயே உட்காரும் மாடலாகப் பார்த்து. பழையவற்றைத் திருகுகளோடு ஒரு பொட்டலமாகக் கட்டிப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள், விற்கும் நாளில் அதைக் கேட்பார்கள்.