துளையா, கீறலா? குழந்தைகளின் குடல்வால் அறுவை: கேள்வி பதில்

(குழந்தை அறுவை மருத்துவர் ஒருவர் பதிலளிக்கிறார்)

டாக்டர், ஏழு வயது மகனுக்கு நாளைக் காலை அறுவை. லேப்ராஸ்கோப்பியா, வயிற்றைத் திறந்தா என்று எங்களையே கேட்கிறார்கள். எது நல்லது?

உள்ளே நடப்பது இரண்டிலும் ஒன்றுதான் அம்மா. குடல்வாலுக்கு (அப்பென்டிக்ஸ்) வரும் இரத்தக் குழாயை அடைத்து, அடியைக் கட்டி, வெட்டி எடுக்கிறோம். போகும் வழிதான் வேறு. திறந்த அறுவையில் வலது அடிவயிற்றில் ஒரு சிறு கீறல். தசையை வெட்டாமல் இழைகளை விலக்கிக்கொண்டே உள்ளே போவோம். அமெரிக்க அறுவை மருத்துவர் மெக்பர்னி 1894-ல் எழுதிவைத்த வழி, இன்றும் அதுதான். லேப்ராஸ்கோப்பியில் கேமராவும் கருவிகளும் நுழைய, தொப்புளில் ஒன்று, வேறு இடங்களில் இரண்டு என்று பொதுவாக மூன்று துளைகள். புண்ணில் சீழ் பிடிப்பது இதில் குறைவு, குழந்தை சற்று முன்னதாக வீடு திரும்பும். பருமனான குழந்தைக்கு இதுவே வசதி. பெண் குழந்தை என்றால் வலி சூலகத்திலிருந்து வருகிறதா என்றும் பார்த்துவிடலாம்.

ஆனால் உங்கள் மகனின் கதியை நிர்ணயிப்பது துளையின் அளவல்ல. குடல்வால் உடைந்திருக்கிறதா, இல்லையா என்பதுதான். ஆகவே உங்கள் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: "நீங்கள் வழக்கமாகச் செய்வது எது?" கைபழகிய வழியில் அவர் போகட்டும்.

லேப்ராஸ்கோப்பிக்காக வயிற்றுக்குள் வாயு செலுத்துவது சிறு குழந்தைக்கு ஆபத்தில்லையா?

கரியமில வாயுதான், பெரியவர்களுக்கு வைப்பதைவிடக் குறைந்த அழுத்தத்தில். ஓரிரு நாள் தோள்பட்டை வலிக்கலாம், பயப்பட வேண்டாம்.

அறுவையே இல்லாமல் ஆன்டிபயாடிக் மட்டும் போதும் என்கிறார்களே?

உடையாத குடல்வாலுக்கு அப்படியும் ஒரு வழி உண்டு. 2025-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வில் 5 முதல் 16 வயது வரையான 936 பேரை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 34 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் அந்தச் சிகிச்சை பலிக்கவில்லை. அறுவைப் பிரிவில் அது 7 சதவீதம். மூன்றில் இருவர் கத்தியிலிருந்து தப்பினார்கள் என்றும் இதைப் படிக்கலாம். மறுபடி வலி வந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடக்கூடிய பெற்றோருக்கு மட்டும் நான் இதைச் சொல்வேன். ஸ்கேனில் குடல்வாலுக்குள் மலக்கல் தெரிந்தால் சொல்ல மாட்டேன்.

வயிறு வலிக்கிறது என்கிறாள். பேதி மருந்து கொடுத்துப் பார்க்கலாமா?

கூடாது. எனிமாவும் கூடாது.

நானும் அறுவை மருத்துவன்தான். மெலிந்த ஐந்து வயதுக் குழந்தைக்கு இரண்டு சென்டிமீட்டர் கீறலில் வேலையை முடிக்கிறேன். மூன்று துளைகள் எதற்கு?

உடையாத குடல்வால் என்றால் உங்களோடு சண்டையில்லை டாக்டர். உடைந்ததில்தான் எனக்கு மறுப்பு. குடல்வால் பெருங்குடலின் பின்னால் ஒளிந்திருக்கும், சீழ் இடுப்புக் குழியில் தேங்கியிருக்கும். அந்தக் கீறல் வழியே விரலால் துழாவுவதா, கேமராவில் கண்ணால் பார்த்து உறிஞ்சுவதா? கீறலை நீட்டித்தான் ஆக வேண்டும், நீட்டிய புண் சீழ் பிடிக்கும்.

துளை வழியே கழுவுகிறேன் என்று சீழை வயிறெங்கும் பரப்புகிறீர்களே!

சரியான கேள்வி. அதனால்தான் நான் கழுவுவதில்லை. உடைந்த குடல்வாலில், உறிஞ்சி எடுப்பதைவிடக் கழுவுவதால் சீழ்க்கட்டி குறைவதில்லை என்று குழந்தைகளிடமே நடந்த ஆய்வு காட்டிவிட்டது. 1980-ல் குர்ட் செம் முதன்முதலாக லேப்ராஸ்கோப்பியில் குடல்வாலை எடுத்தபோதும் அறுவை மருத்துவர்கள் கொதித்தார்கள். அவர் மகளிர் நோய் மருத்துவர். நாம் இருவரும் ஒத்துப்போக ஒரு நடுவழி இருக்கிறது. தொப்புளில் ஒரே துளை, அதன் வழியே கேமரா. குழந்தையின் வயிற்றுச்சுவர் மெல்லியது, குடல்வாலைத் தொப்புள் வரை இழுத்து வெளியே கொண்டுவந்துவிடலாம். பிறகு நீங்கள் கட்டுவதுபோலவே கையால் கட்டி, மீதியை உள்ளே விடலாம். ஒட்டிக்கொண்டு வராவிட்டால் மேலும் துளை போட வேண்டியதுதான்.

ஸ்கேனில் சீழ்க்கட்டி என்கிறார்கள். ஆனால் உடனே அறுக்க மறுக்கிறார்கள்.

பல நாள் ஆகிக் கட்டிக்கொண்டுவிட்டால் குடலெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அவசரமாகப் பிரித்தால் குடல் கிழியும். மருந்தால் ஆற்றி, தேவையானால் குழாய் வைத்துச் சீழை வடித்து, சில வாரம் கழித்து எடுப்பார்கள். சரியாகத்தான் செய்கிறார்கள்.

லேப்ராஸ்கோப்பி நல்லதா, ஓப்பன் நல்லதா?

முதல் பதிலைப் படியுங்கள்.

தழும்பு தெரியுமா?

தொப்புளில் போட்டது மடிப்புக்குள் மறைந்துவிடும்.

ஓப்பனா, லேப்ராஸ்கோப்பியா டாக்டர்? நான்கு வயது.

மூன்றாம் முறையாக இதே கேள்வி. முதல் பதிலைப் படியுங்கள். நான்கு வயதுக்கு ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: இந்த வயதில் வலியைச் சொல்லத் தெரியாது, குடல்வால் உடைந்த பிறகே பலர் வருகிறார்கள். எழுந்து குதிக்க மறுக்கிறானா, குனிந்தபடி நடக்கிறானா என்று பாருங்கள். பேதி மருந்து கூடாது என்பதை மறுபடியும் சொல்கிறேன்.

நேற்றிலிருந்து துடித்த மகனுக்கு இப்போது திடீரென்று வலி நின்றுவிட்டது. காய்ச்சல் மட்டும் ஏறுகிறது. காலை வரை பார்க்கலாமா?

வேண்டாம் அம்மா. குடல்வால் உடையும்போதும் வலி இப்படித்தான் சற்று நேரம் அடங்கும். மயக்க மருந்து தர வேண்டியிருக்கும், அதனால் சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள். வலி எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு இப்போதே கிளம்புங்கள்.